“எரியலையே?” என்று கேட்டவர்

சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே. ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் என் பெயரையும் அப்பா பெயரையும் கேட்பார். முந்தின நாள் சாயங்காலம் காய்கறிக் கடையில் பார்த்துக் கால் மணி நேரம் பேசியிருப்போம். மறுநாள் காலை நான் கட்டிலில் படுத்ததும், முன்பின் தெரியாதவரைப் போல, “உன் பேரு?” என்பார்.

“வசந்தா.”

“அப்பா பேரு?”

“முனிரத்தினம்.”

மருந்துக் குப்பியைப் பார்ப்பார். என் சீட்டைப் பார்ப்பார். மறுபடி குப்பியைப் பார்ப்பார். பிறகுதான் கையுறையைத் தொடுவார். இத்தனை தடவை என் பெயரைக் கேட்டவரின் பெயரை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போது எழுத உட்கார்ந்த பிறகுதான் அது உறைக்கிறது.

எழுபதுகளின் கடைசி. திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் எனக்கு வேலை. பட்டா மனு, ஜாதி சர்டிபிகேட் மனு, கிணற்றுக்கு கரண்டு கேட்டு மனு. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தெலுங்கில் சொல்வார்கள். நான் கேட்டுக்கொண்டே தமிழில் அடிப்பேன். எங்கள் வீட்டிலும் தெலுங்குதான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தறி நெய்தார். அம்மா இல்லை. எனக்கு இருபத்துநாலு வயது.

கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு இருந்தது எலுமிச்சம்பழ அளவு ஆனது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து, நிணநீர்க் கட்டியில் வந்த புற்றுநோய் என்றார்கள். நைனா அந்த வார்த்தையை வீட்டில் சொல்லவே இல்லை. “கட்டி” என்பார், அவ்வளவுதான். ஆறு மாதம் மருந்து; மாதம் இரண்டு ஊசி. மாதத்தின் முதல் ஊசியைச் சென்னையில் போட்டுக்கொண்டு, எட்டாம் நாள் ஊசியை ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம், தெரிந்தவர்கள் இருந்தால், என்றார் அங்கிருந்த டாக்டர். தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஸ்டேஷன் ரோட்டில் இருபது படுக்கை உள்ள கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரியில் நம் சிஸ்டர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருஷம் இந்த ஊசியையே போட்டுவிட்டு வந்தவர்.

அரக்கோணம் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. வெள்ளைப் புடவை, தோளில் தலைகீழாகக் குத்திய கடிகாரம். வேகமாக நடப்பார், ஆனால் கட்டிலருகே வந்ததும் எல்லாம் நிதானமாகிவிடும்.

முதல் நாளே அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். சென்னையிலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் நைனா மடியில் வைத்துக் கொண்டுவந்த குப்பி, ஆஸ்பத்திரி பிரிட்ஜில் தயாராக இருந்தது. சிஸ்டர் என் இடது முன்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல் நுனியால் தடவ ஆரம்பித்தார். மேலே, கீழே, பக்கவாட்டில். ரத்தக்குழாயை எங்கள் பக்கம் நரம்பு என்றுதான் சொல்வோம். நரம்பைத் தேடிக்கொண்டே இருந்தார். முழங்கை மடிப்பில் பச்சையாக ஒன்று பளிச்சென்று தெரிந்தது. நானே அதைக் காட்டினேன்.

“அது மடியற எடம். வேணாம்.”

“புறங்கையில இருக்குதே சிஸ்டர்.”

“அங்க தோலுக்கு அடியில ஒண்ணுமில்ல, நேரா எலும்புதான். வேணாம்.” கையைக் கீழே வைத்தார். “காலைலருந்து எவ்ளோ தண்ணி குடிச்சே?”

“ஒரு டம்ளர்.”

“நாளைக்கு வா. வரும்போது வயிறு நெறைய தண்ணி குடிச்சிட்டு வா.”

“சிஸ்டர், லீவு போட்டுட்டு வந்துகீறேன்.”

“தெரியுது. இந்த மருந்து நரம்புக்குள்ள போனா கட்டியைக் கரைக்கும். ஒரு சொட்டு வெளிய கசிஞ்சா சதையைக் கரைக்கும். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.” சொல்லிவிட்டு, என் கையைத் தடவிக் கொடுத்தார். “நீ டைப்பு அடிக்கிற பொண்ணுதானே? நாளைக்கு வா.”

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். மறுநாள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதும் முன்கையில் நரம்பு தானாகப் புடைத்து நின்றது. அப்போதும் உடனே ஊசி இல்லை. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஜன்னலை மூடினார். பொடியாக இருந்த மருந்தில், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தண்ணீர் கலந்தார். கையில் ரப்பர் உறை, மேலே ஒரு நீளக் கவுன். பக்கத்துக் கட்டில் அம்மாள், “என்ன சிஸ்டர், விஷமா அது?” என்று கிண்டலாகக் கேட்டாள்.

“ஆங், விஷந்தான்,” என்றார் சிஸ்டர், திரும்பாமலே. பிறகு என்னிடம், “காம்பவுண்டு ஓரமா நித்தியகல்யாணி பூத்துகினு கீது பார்த்தியா? அந்தச் செடிலருந்து எடுக்கறதுதான் இது” என்றார். நான் தினமும் கடந்து போன செடி. அன்று திரும்பும்போது நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியாத மாதிரி ஊதாப் பூவோடு நின்றது.

மருந்துக்கு முன்னால் வெறும் உப்புத் தண்ணீரை உள்ளே விட்டுப் பார்ப்பார். பிறகு பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்கு இழுப்பார்; குழாயில் ரத்தம் சிவப்பாக ஏறி வந்தால் ஊசி நரம்புக்குள்தான் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு துளி மருந்து. மறுபடி இழுத்துப் பார்த்தல். ஒவ்வொரு துளிக்கும் ஒரு கேள்வி:

“எரியலையே?”

“இல்ல சிஸ்டர்.”

இன்னொரு துளி. “எரியலையே?”

“இல்ல.”

தள்ளினால் ஒரு நிமிஷத்தில் முடிகிற மருந்து அது. அவருக்குப் பத்து நிமிஷம் ஆகும். ஒரு நாள் புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் வாசலில் நின்று, “இன்னும் எவ்ளோ நேரம் சிஸ்டர்?” என்றார். “முடிஞ்சதும் சொல்றேன் டாக்டர்,” என்றார் இவர். அந்தக் குரலில் எதிர்ப்பும் இல்லை, பணிவும் இல்லை. மணி கேட்டவருக்கு மணி சொல்கிற மாதிரி.

அவர் குணத்தைச் சொல்ல வேண்டுமானால் இதுதான்: கேட்காமல் எதையும் செய்யமாட்டார். வார்டு ஜன்னலைத் திறக்க வேண்டுமானால் இரண்டு பக்கத்துக் கட்டிலிலும் கேட்பார். பசியோடு இருக்கும் நோயாளிக்குக் கஞ்சியை ஊட்டுமுன், “இப்ப தரட்டுமா?” என்பார். கடைத்தெருவில் கத்தரிக்காயைக் கையில் எடுக்கும் முன்னால், “எடுத்துப் பாக்கலாமா?” என்று கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். கடைக்காரி சிரிப்பாள். “அதுக்குத்தானே சிஸ்டரம்மா போட்டுகினு ஒக்காந்துகீறேன்!”

என்னிடம் மாதாமாதம் ஒரு கேள்வி கேட்பார். “ஜாக்கெட் கொக்கி போட வருதா?” முதலில் எனக்குப் புரியவில்லை. விரல் நுனி மரத்துப்போவது அந்த மருந்தின் குணம் என்றும், பெண்களுக்கு அது முதலில் தெரிவது கொக்கி மாட்டும்போதுதான் என்றும் பிறகு சொன்னார். வருகிறது என்பேன். “டைப்பு?” அதில் ‘ள’வுக்குப் பதில் ‘ன’ விழுகிறது என்பேன். எழுதி வைத்துக்கொள்வார்.

இரண்டாவது மாத ஊசி ஆடிக் கிருத்திகை அன்று வந்து விழுந்தது. அந்த நாளில் ஊருக்குள் கால் வைக்க முடியாது. மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாக ஸ்டேஷனிலிருந்து மலைவரை ஒரே தலை. புஷ்பக் காவடி, பம்பை, ஒவ்வொரு முனையிலும் மைக் செட். ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. வெயிலில் மயங்கியவர்கள், கால் கொப்பளித்தவர்கள், மொட்டை போடும்போது தலையில் வெட்டுப்பட்டவர்கள். எனக்கு வராந்தாவில்தான் கட்டில் கிடைத்தது. சிஸ்டர் ஊசியைக் குத்தி உப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே எதையோ கேட்டார். வெளியே அரோகரா. நான் தலையாட்டினேன்.

அவர் கை நின்றது. குனிந்து என் காதருகே, “இப்ப நான் இன்னா கேட்டேன்?” என்றார்.

“தெரில சிஸ்டர். கேக்கல.”

“அப்போ எதுக்குத் தலையாட்டினே?”

வார்டு ஆயாவைக் கூப்பிட்டு உப்புத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். நான் கையை ஆடாமல் வைத்துக்கொண்டு நடக்க, மூன்று பேருமாகத் துணி அடுக்கும் அறைக்குள் போனோம். கதவைச் சாத்தியதும் மைக் சத்தம் தூரத்தில் முனகலாக ஆனது. போர்வை மூட்டைமேல் என்னை உட்காரவைத்து அங்கேயே மருந்தைக் கொடுத்தார். வெளியே நாற்பது பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள். “நீ சொல்றது என் காதுல விழணும். நான் கேக்கறது உன் காதுல விழணும். இல்லேன்னா இந்த மருந்தைத் தொடக்கூடாது,” என்றார்.

அப்போதுதான் கேட்டேன். “சிஸ்டர், உங்க கையால யாருக்காச்சும் வெளிய கசிஞ்சுதா?”

“இல்ல,” என்றார். “ஒருத்தருக்கும் ஆனதில்ல. அதான் எனக்குப் பயம்.”

அந்த முதல் ஆள் நானாக இருப்பேன் என்று இருவருக்கும் தெரியாது.

நாலாவது மாதம். இடக்கை நரம்புகள் கயிறு மாதிரி கெட்டியாகிவிட்டிருந்தன. வலக்கை முன்கையில் போட வேண்டியதாயிற்று. அதற்குள் கடையில் எனக்குப் பதிலாக இன்னொரு பெண் வந்து உட்கார ஆரம்பித்திருந்தாள். முதலாளி நல்லவர்தான். ஆனால் அன்று காலை, “பதினோரு மணிக்கு வக்கீல் வரார். நீ இருந்தா நீ அடி, இல்லாட்டி அந்தப் பொண்ணு அடிக்கட்டும். அப்புறம் அதுவே பழகிக்கட்டும்,” என்றார். சொன்னது அவ்வளவுதான். எனக்குப் பயம் பிடிக்க அது போதுமானதாக இருந்தது.

சிஸ்டர் முதலில் குத்திய இடம் அவருக்குத் திருப்தியில்லை. எடுத்துவிட்டார். வெந்நீர்த் துணி சுற்றி இருபது நிமிஷம் காக்கவைத்தார். அவர் தோளில் தொங்கிய கடிகாரத்தை நான் தலையைச் சாய்த்துப் படித்துக்கொண்டே இருந்தேன். பத்தரை. இரண்டாவது இடத்தில் ரத்தம் நன்றாக ஏறி வந்தது. மருந்தை ஆரம்பித்தார்.

“எரியலையே?”

“இல்ல.”

அடுத்த துளியில் எறும்பு கடித்த மாதிரி ஒன்று. சுருக்கென்று இல்லை, லேசாக, ஆனால் விடாமல்.

“எரியலையே?”

சொன்னால் எடுத்துவிடுவார். மறுபடி துணி, மறுபடி தேடல். நாளைக்கு வா என்பார்.

“இல்ல சிஸ்டர்.”

இழுத்துப் பார்த்தார். ரத்தம் வந்தது. இன்னொரு துளி. எறும்பு இப்போது பல எறும்பு.

“எரியலையே?”

“இல்ல.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏனோ காலைப் பார்த்தார். என் கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கியிருந்தது. எனக்கே தெரியாது.

சட்டென்று நிறுத்திவிட்டார். ஊசியைப் பிடுங்கவில்லை. அதை அப்படியே விட்டு, மருந்துச் சிரிஞ்சை மட்டும் கழற்றிவிட்டு, காலிச் சிரிஞ்சு ஒன்றை மாட்டி உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்தார். பிறகுதான் ஊசியை உருவினார். ஆயாவை அனுப்பி டாக்டரைக் கூப்பிட்டார். சூடான துணி, தலையணை மேல் உயர்த்தி வைத்த கை. ஊசி போட்ட இடத்தைச் சுற்றிக் கால் ரூபாய் வட்டத்துக்குச் சிவந்திருந்தது. பேனாவை எடுத்து அந்தச் சிவப்பின் ஓரமாகவே என் தோலில் கோடு போட்டார்.

“தெனம் காலைல, சாயங்காலம் ரெண்டு வேளையும் வந்து காட்டு. இந்தக் கோட்டைத் தாண்டுதான்னு பாக்கணும்.”

தாண்டியது. இரண்டாம் நாள் வீங்கிச் சூடாக இருந்தது. மூன்றாம் நாள் அவர் முதல் கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு போட்டார். விரலை மடக்கினால் முன்கை முழுக்க இழுத்தது. நைனா தறியை நிறுத்திவிட்டு என் கூடவே வந்துகொண்டிருந்தார். “ஏமி காது தல்லி,” ஒன்றும் ஆகாதம்மா என்று சொல்லிக்கொண்டே வருவார். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் பேச்சு நின்றுவிடும்.

இதற்குள் சிஸ்டர் நடந்ததையெல்லாம் எழுதி மிஷன் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் கொடுத்துவிட்டிருந்தார். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. சென்னை டாக்டருக்கும் அதன் நகலை அனுப்பினார். தன் கவனக்குறைவால் என்று எழுதியிருந்தார். பெரிய டாக்டர் கத்தவில்லை. “இதுக்குத்தான் சிஸ்டர் சின்ன ஊர்ல இதெல்லாம் வேணாம்னு நெனச்சேன். அடுத்த மாசத்துலேருந்து அந்தப் பொண்ணு சென்னைக்கே போகட்டும்,” என்றாராம். ஆயா வந்து சொன்னாள். “சிஸ்டரம்மா ரெண்டு நாளா சாப்பிடல,” என்றும் சொன்னாள்.

நாலாம் நாள் காலை சிவப்பு இரண்டாவது கோட்டுக்குள் நின்றிருந்தது. ஐந்தாம் நாளும் அங்கேயே. சிஸ்டர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “நின்னுட்டுது,” என்றார். பெருமூச்சுகூட விடவில்லை, ஆனால் என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது.

அன்று சாயங்காலம் நான் தனியாகப் போனேன். நைனா கூட இருந்தால் சொல்ல வராது என்று தெரியும். சிஸ்டர் என் கையில் சுற்றிய துணியை மாற்றிக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், அன்னிக்கு எரிஞ்சுது.”

அவர் நிமிரவில்லை. “எப்போலேருந்து?”

“ரெண்டாவது தடவை நீங்க கேட்டீங்க இல்ல, அப்பவே.”

“ரெண்டாவதா?” கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் முகத்தில் கணக்குப் போடுகிற களைதான் இருந்தது. “அப்போ ரத்தம் நல்லா வந்துகினு இருந்துதே. ரத்தம் வந்தாலும் கசியும்போல.” பிறகு என்னைப் பார்த்தார். “நான் கேட்ட வார்த்தை இன்னா? அப்டியே சொல்லு.”

“எரியலையேன்னு கேட்டீங்க.”

“எரியலையே.” தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை, வேறு மாதிரி இழுத்துச் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எரியலையேன்னு கேட்டா எவ எரியுதுன்னு சொல்லுவா? இல்லன்னு சொல்லுன்னு நானே சொல்லிக் குடுத்துகினு கேக்கறேன். பதினஞ்சு வருசமா இதையேதான் கேட்டுகினு கீறேன் வசந்தா.”

“பொய் சொன்னது நான்தானே சிஸ்டர். டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்.”

“நோயாளி மறைப்பாங்க. வலியிருக்கும், அவசரம் இருக்கும், நம்ம மேல பயம் இருக்கும், மறைப்பாங்க. கண்டுபுடிக்கறதுக்குத்தான் நம்மள வெச்சுகீறாங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு நாளாக அடக்கி வைத்திருந்தது. தோள் குலுங்க அழுதேன். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, “போதும், அழுவாத. கை ஆடுது, துணி சுத்த முடியல,” என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

அப்போதும் எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை பெரிய டாக்டர் அறை வாசலில் நின்று அவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை அவங்க எழுதினதுல காணோமே,” என்றார். “அவங்களுக்கே நேத்துதான் தெரியும் சார்,” என்றேன்.

சிவப்பு மெல்ல உள்வாங்கியது. தோல் உரிந்தது. அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவு ஒரு கறுப்புத் தழும்பு இன்றுவரை இருக்கிறது. எனக்கு எழுபது நெருங்குகிறது. விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கடைக்குப் போனேன். வக்கீலின் வேலை போனது போனதுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒற்று விடாமல் அடிக்க வரவில்லை என்று முதலாளி எனக்காகக் காத்திருந்தார்.

நான் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் சிஸ்டர் கடைக்கே வந்துவிட்டார். கையில் இரண்டு பக்கத்துக்கு எழுதிய தாள். “கை வலிக்கலேன்னா…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். வாயிலேயே அந்த ‘லேன்னா’ அவரைக் குத்தியிருக்க வேண்டும். “கை எப்படி கீது?” என்று மாற்றிக் கேட்டார்.

“மடக்கினா கொஞ்சம் இழுக்குது. அடிக்க வருது.”

“அப்போ இதை அடிச்சுக் குடு. மூணு காப்பி.”

எந்த இடத்தில் குத்தலாம், எங்கே கூடாது, சத்தமான இடத்தில் கொடுக்கக் கூடாது, ஒருவர் ஊசியைப் பார்க்கும்போது இன்னொருவர் நோயாளியின் முகத்தையும் காலையும் பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் அன்றைக்கு நிறுத்த வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார். கடைசியில் இப்படி: “எரியவில்லையே என்று கேட்காதே. எப்படி இருக்கிறது என்று கேள். நோயாளி தன் வார்த்தையில் பதில் சொல்லும்வரை அடுத்த துளியைத் தள்ளாதே.” அந்த வரியை அடிக்கும்போது ‘ள’வில் பிழை வராமல் நிறுத்தி நிறுத்தி அடித்தேன்.

பெரிய டாக்டர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாராம். “சரி, இங்கயே போடுங்க. அன்னிக்கு நானும் நிக்கறேன்,” என்றார்.

ஐந்தாவது மாத ஊசிக்கு அவரும் வந்து நின்றார். ஆயா என் கால்மாட்டில், பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி என் கட்டைவிரலையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப எப்படி இருக்குது, சொல்லு,” என்றார் சிஸ்டர்.

அந்தக் கேள்விக்கு ‘இல்ல’ என்று சொல்ல முடியாது. யோசிக்க வேண்டியிருந்தது. “ஜில்லுன்னு இருக்குது,” என்றேன்.

“இப்ப?”

“அதே மாதிரிதான். உள்ள ஏதோ ஓடற மாதிரி.”

“இப்ப?”

“லேசா இழுக்குது.”

கை நின்றது. உப்புத் தண்ணீர் விட்டார். தொட்டுப் பார்த்தார். காத்திருந்தார். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கியவர், அதைப் பைக்குள் விட்டுக்கொண்டார். இழுப்பு போய்விட்டது என்று நான் சொன்ன பிறகுதான் அடுத்த துளி. முடிய இருபது நிமிஷம் ஆனது. அவ்வளவு நேரமும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது ஊசியும் அப்படியே முடிந்தது.

அதற்குப் பிறகு சென்னைக்குப் போனோம். டாக்டர் கழுத்தைத் தடவினார், அக்குளைத் தடவினார், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டி எங்கும் இல்லை, இனிமேல் ஊசி வேண்டாம் என்றார். நைனா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. பாசஞ்சர் வண்டியில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். திருத்தணியில் இறங்கியதும், வீட்டுக்குப் போகாமல் கால் தானாக ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது.

மணி மூன்று இருக்கும். அப்போதுதான் சிஸ்டர் தன் அறையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்திருந்தார். நான் வாசலிலிருந்தே சொல்லிவிட்டேன்.

“அவர் இன்னா வார்த்தை சொன்னாரு? அப்டியே சொல்லு,” என்றார்.

“கட்டி எங்கயும் இல்ல, இனிமே ஊசி வேணாம்னாரு.”

“வேற?”

“மூணு மாசம் கழிச்சு வந்து காட்டணுமாம்.”

கடிதத்தை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். மடித்து என்னிடம் கொடுத்தார். என் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார். அந்த நேரம் பார்த்து நைனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார்.

“காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர்,” என்றேன்.

சிஸ்டர் அவரைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தார். மறுவார்த்தை பேசாமல், சோற்றைத் தட்டில் கொட்டி, குழம்பை ஊற்றிப் பிசைந்து, தட்டை அவர் கையில் திணித்தார். நைனா சாப்பிட்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்காமல் சாப்பிட்டார். அவ்வளவு வேகமாக அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டில் கடைசி வாய் இருக்கும்போது கை பாதியில் நின்றது.

“வசந்தா, இன்னிக்கி இன்னா கெழமெ?”

“செவ்வாய் நைனா.”

எனக்குக் கட்டி வந்த நாளிலிருந்து முருகனுக்காக அவர் செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீரோடு இருப்பார். மீன், கருவாடு அன்று வீட்டுப் பக்கமே வராது. தட்டில் மிச்சமிருந்த வாயில் ஒரு நெத்திலிக் கருவாடு தலையோடு கிடந்தது.

சிஸ்டருக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் முகம் வெளிறிவிட்டது. தூக்கின் மூடியைக் கையில் பிடித்தபடி, “ஐயோ அண்ணே, கேக்காம குடுத்துட்டேனே,” என்றார்.

நைனா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஒரு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. தோள் குலுங்க, இருமல் வரச் சிரித்தார்.

“கேட்டிருந்தா வேணாம்னுதாம்மா சொல்லியிருப்பேன்,” என்றார். கடைசி வாயையும் போட்டுக்கொண்டு, தட்டை நீட்டினார். “கொழம்பு இன்னும் கொஞ்சம் கீதா?”